சேனல் பதினாறு

துறைமுகத்துச் சங்க அறையில்
வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து
மூன்றாவது இரவாகக் கூப்பிடுகிறேன்:
"அங்காளபரமேஸ்வரி, அங்காளபரமேஸ்வரி,
கடலூர் பேசுறேன், கேக்குதா, ஓவர்."

கழுத்தில் உத்தரியம்.
வாயில் மலையனூர் அம்மன்.
ஃபாதர் கேட்டால் சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

படகு தனவேலுடையது. ஆள் ஐந்து.
செவ்வாய் விடியலில் முகத்துவாரம் தாண்டினார்கள்,
புதன் சாயங்காலம் கூண்டு ஏற்றினார்கள்.
மற்றதெல்லாம் திரும்பி வந்து
உப்பனாற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது.

போன வருஷப் பொதுக்கூட்டத்தில்
"வேதக்காரிக்கு எதுக்குய்யா சங்கத்து வேலை"
என்று கேட்டது இதே தனவேல்தான்.
மன்னித்துவிட்டேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
அது பாதிப் பொய்.
மீதிப் பாதியைத்தான் இப்போது
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை
அவர் படகின் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தில்
1.10 பதில் இல்லை.
1.20 பதில் இல்லை.
1.30 பேனா எழுதவில்லை, உதறி எழுதினேன், பதில் இல்லை.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம்.
பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்வரை
நம் குரல் போகும், எதுவும் வராது.
விரலை எடுத்தால்தான் காது திறக்கும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்.
முழங்காலில் நிற்கும்போது மட்டும்
நாற்பத்தாறு வயதிலும் எனக்கு அது வரவில்லை.
மகனின் வேலை, வீட்டுக் கடன், அப்பாவின் மூச்சிரைப்பு,
அமுக்கின விரலை எடுக்காமல் பேசிவிட்டு
ஆமென் என்று எழுந்து போய்விடுகிறேன்.

தோமையாருக்காவது
விரல் வைக்க ஒரு காயம் கிடைத்தது.
எனக்கு இந்தக் கறுப்புப் பொத்தான்.

மூன்று மணிக்குத் தனவேல் சம்சாரம் வந்தாள், செல்லக்கிளி.
தலையெல்லாம் தூறல்.
ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்:
"ஒங்க சாமி ஒங்கிட்ட பேசியிருக்காக்கா?"
இல்லை என்றேன்.
"ஒரு தடவகூடவா?"
ஒரு தடவையும் இல்லை.
"அப்புறம் எப்படி..."
எப்படி என்று எனக்கும் தெரியாது.
பிளாஸ்கில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
குடிக்கவில்லை. மைக்கைக் கேட்டாள்.

வெளியாளிடம் தரக் கூடாது என்பது சட்டம்.
கொடுத்தேன்.
அழுவாள் என்று நினைத்தேன்.
"யோவ், எங்கய்யா கெடக்குற,
சின்னவன் ரெண்டு நாளா சோறு திங்கல,
வந்து நீயே ஊட்டு" என்று திட்டினாள்.
பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக,
"ஓவரு."
விரலை எடுத்தாள்.

இரைச்சல்.
எண்ணெய் காயாமல் அப்பளம் போட்டது மாதிரி ஓர் இரைச்சல்.
இரண்டு பேரும் அதன்மேல் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.
நான் பூசைக்குப் போன ஞாயிறுகளில்கூட
இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

ஐந்தரைக்குக் கோயில் மணி.
போக முடியாது. மாற்றாள் எட்டுக்குத்தான் வருவார்.
உட்கார்ந்த இடத்திலேயே சிலுவை போட்டேன்,
மைக் கையில் இருப்பதை மறந்து,
கட்டைவிரல் பொத்தானில் இருப்பதையும் மறந்து:
"தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே."
வயர் தோளில் சுற்றிக்கொண்டது.

பெட்டி கரகரத்தது.
"ஆமென். யாரும்மா அது? ஓவர்."

தனவேல் இல்லை. யாரோ.
காரைக்கால் படகாம்,
எங்கேயோ ஒதுங்கியிருந்து
இப்போதுதான் வெளியே கிளம்பியிருக்கிறதாம்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.
ஐந்து பேர், நீல அணியம், செவ்வாய் விடியல்,
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.
கொட்டிவிட்டு, நினைவு வந்து,
விரலை எடுத்தேன்.

"உங்களுக்கு எட்டாதும்மா, அவ்வளவு தூரம்.
எனக்குக் கிழக்கால ரெண்டு படகு நிக்குது,
சொல்லிப் பாக்கறேன்.
லைன்லயே இருங்க."

செல்லக்கிளி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.
முகம் தெரியாத அந்த மனிதர்
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
அப்படித்தான் எனக்குத் தோன்றியது,
இருட்டுக்குள் கூப்பிட ஆரம்பித்தார்:
அங்காளபரமேஸ்வரி,
அங்காளபரமேஸ்வரி.

5.40 என்று எழுதினேன்.
பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.